குடோன் வாசல் தேங்காய்

அன்று குடோன் வாசலில் இருந்தவர்கள்:

அமீது பாய். எங்கள் கூட்டுறவு சங்கத்தின் செயலாளர். எனக்கு மேலதிகாரி. பூர்வீகம் கீழக்கரைப் பக்கம்.

மண்டல் தாதா. சங்கத் தலைவர். வங்காளி. தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நெல் போடுகிறவர். மீட்டிங் என்றால் மட்டும் சட்டை போடுவார். அன்று போட்டிருந்தார்.

குருசாமி அண்ணன். மூட்டை தூக்குகிறவர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் குடும்பமும் அப்படித்தான்.

தாஸ் சார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி. போர்ட் பிளேரிலிருந்து வந்திருந்தார். புது ஷூ.

நான். ராசம்மா. கடை மேனேஜர். இந்தி பேசுகிறவர்களுக்கு தீதி, அதாவது அக்கா.

ஒரு ஊறுகாய் மூடி. ஆரஞ்சு நிறம். தரையில் நடந்துகொண்டிருந்தது.

இதை எழுதச் சொன்னது ஜெயந்தி. நான் ரிட்டயர் ஆன பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். சங்கக் கடை மேனேஜர்களுக்கு இப்போது போர்ட் பிளேரில் வகுப்பு நடக்கிறது. திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். போன் பண்ணினாள். "அக்கா, படத்துல எலி இருக்கு, கரப்பான் இருக்கு. நம்ம கரை விஷயம் ஒண்ணும் இல்ல. நீங்க எழுதிக் குடுங்க, நான் வாசிக்கிறேன்" என்றாள். எனக்கு எழுத வராது என்றேன். பேசுகிற மாதிரி எழுதுங்கள் என்றாள். பேசவும் எனக்கு அவ்வளவாக வராது. இருந்தாலும் எழுதுகிறேன். போர்ட் பிளேர் ஷாதிபூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். நேரம் இருக்கிறது.

என் படிப்பு ஏழாவது வரை. கச்சால் தீவில் அப்பா ரப்பர் பால் வெட்டினார். கல்யாணம் ஆகி மாயாபந்தர் பக்கம் வந்தேன். சங்கக் கடையில் அரிசி புடைக்கச் சேர்ந்தேன். பிறகு எடை போட்டேன். பிறகு பில் போட்டேன். பிறகு மேனேஜர் என்றார்கள். நடுவில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

கடை மாயாபந்தருக்கு எதிர்க்கரையில். சின்ன ஜெட்டி. ஜெட்டியை ஒட்டிக் கடை. கடைக்குப் பின்னால் குடோன். குடோனுக்குப் பின்னால் மணல். மணலுக்குப் பின்னால் கடல். அந்தக் கரையில் வேறு பலசரக்குக் கடை கிடையாது. வங்காளி, தமிழ், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அரிசி பருப்பு எங்களிடம்தான். மழைக்காலத்தில் காற்று ஏறினால் போட் ஓடாது. அந்த நாட்களில் எங்கள் கடை பூட்டியிருந்தால் அந்தக் கரையில் அடுப்பு எரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் விளையாட்டு மாதிரித் தெரியும்.

அமீது பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. அரிசி குடோனில் நிற்கிறவர் சட்டையில் ஒரு தூசி இருக்காது. எப்படி என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. கடைக்குள் உட்கார மாட்டார். "நாம உக்காந்தா சரக்கும் உக்காந்துரும்மா" என்பார். யாரையும் திட்ட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "ராசம்மா மேனேஜர் அவர்களே" என்று கூப்பிட்டால் அன்று நான் வாய் திறக்க மாட்டேன்.

சரக்கு வந்தால் அவர் சோதிக்கும் முறை இது. மூட்டையின் வாயைக் கொஞ்சம் பிரிப்பார். வலது கைச் சட்டையை மடிப்பார். முழங்கை வரை உள்ளே விடுவார். அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி மூக்குக்குக் கீழே வைத்து இழுப்பார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நாங்களும் காத்திருப்போம். தும்மல் வராவிட்டால் நல்ல சரக்கு. வந்தால் கெட்ட சரக்கு.

கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினவர் சென்னையில் இருக்கிறார். நடுவில் கடல் இருக்கிறது. அதனால் தும்மின மூட்டை கதவுக்கு இடது பக்கம் போகும். தும்மாத மூட்டை வலது பக்கம் போகும். இடது பக்க மூட்டையை நான் பிரித்துச் சலித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் வண்டு இருக்கும். அந்த மூக்கு லேசுப்பட்டது இல்லை.

அவருடைய இன்னொரு முறை கப்பல் வரிசை. சரக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று பார்த்து அடுக்குவார். முந்தின கப்பல் சரக்கு முன்னால், பிந்தின கப்பல் சரக்கு பின்னால். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு தடவை பிந்தின கப்பலில் வந்த சேமியாவுக்குத் தேதி சீக்கிரமே முடிய இருந்தது. சென்னையில் எங்கேயோ அது தூங்கிக் கிடந்திருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்தபோது விற்றுத் தீர்க்க நாள் இல்லை. தேதிக்குள் கரை முழுக்கச் சும்மா கொடுத்தோம். அந்த வாரம் யார் வீட்டுக்குப் போனாலும் சேமியா. கல்யாண வீட்டில் சேமியா பிரியாணி. மண்டல் தாதா வீட்டில் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கப்பலைப் பார்ப்பதை விட்டோம். அட்டையில் அச்சடித்த கடைசித் தேதியைப் பார்த்து, சீக்கிரம் முடிகிறதை முன்னால் வைத்தோம். ஜெயந்தி, இதை இரண்டு தடவை வாசி.

இனி தேங்காய்.

சாமான் போட் ஜெட்டியில் கட்டியதும், முதல் மூட்டை குடோனுக்குள் போகும் முன்பு குருசாமி அண்ணன் நிலைப்படியில் ஒரு தேங்காய் உடைப்பார். கடலைத் தாண்டி வந்த சரக்கு, சும்மா உள்ளே விடக்கூடாது என்பார். சில்லு நாலா பக்கமும் தெறிக்கும். பொறுக்க மாட்டோம். அடுத்து மண்டல் தாதா படி ஓரமாகக் கொஞ்சம் பதாசா வைப்பார். சீனியில் செய்கிற சின்ன வெள்ளை மிட்டாய், வங்காளிகள் பூஜைக்கு வைப்பது. கடைசியில் அமீது பாய் கை ஏந்தி ஓதிவிட்டு ஆளுக்கு ஒரு சிட்டிகை சீனி கொடுப்பார். பாதி எங்கள் கையில் விழும். பாதி படியில் விழும். அன்று வாசலைப் பெருக்க மாட்டோம். மறுநாள்தான் பெருக்குவது. கடவுளுக்கு ஒரு ராத்திரியாவது நேரம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். மறுநாள் காலையில் பார்த்தால் பெருக்க ஒன்றும் இருக்காது. நாங்கள் சந்தோஷப்படுவோம். ஏற்றுக்கொண்டார் என்று.

தாஸ் சார் முதல் தடவை வந்தபோது எங்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். அவர் பேசியது இந்தி. தீவில் பொதுப் பேச்சு அதுதான். நாங்கள் பதில் சொன்னதும் பாதி இந்தி, பாதி தமிழ். எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தலையில் மாட்டத் துணித் தொப்பி கொடுத்தார். அமீது பாய் ஏற்கெனவே போட்டிருந்த தொப்பி மேல் அதை மாட்டினார். மண்டல் தாதாவுக்கு முடியே இல்லை. "எனக்கு எதுக்கு சார்?" என்றார். "சட்டத்துல வழுக்கைக்குத் தனியா ஒண்ணும் சொல்லல தாதா" என்றார் சார். மாட்டிக்கொண்டார்.

பிறகு கை கழுவுகிற இடம் பார்த்தார். சோப்பு இருந்தது. சுவரில் லைசென்ஸ் மாட்டியிருந்தது. பால் பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்தார். மூட்டைகள் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் இருந்தன. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் ஆள் கை போகிற இடைவெளி விட்டிருந்தோம். மண்ணெண்ணெயும் சோப்பும் வேறு அறையில். "அச்சா" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சா.

துவரம் பருப்பில் மாதிரி எடுத்தார். நாலு பங்காகப் பிரித்து, நாலு பொட்டலமாகக் கட்டி, நூல் சுற்றி, அரக்கு உருக்கி வைத்து, மேலே கையெழுத்து வாங்கினார். பொறுமையாகச் செய்தார். குருசாமி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், வீட்டுல நாலு பேரா?"

"இது லேபுக்கு அண்ணா."

"லேபுல நாலு பேரா?"

சார் அரக்கை ஊதினார். அரக்கு காய வேண்டியிருந்தது.

கடைசியில் பூச்சி, பிராணிகள். படிவத்தில் எலி, கரப்பான், வண்டு, பல்லி, பறவை என்று வரிசையாகக் கட்டம். ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டு வந்தார். அப்போதுதான் அவர் ஷூவுக்கும் என் செருப்புக்கும் நடுவில் ஊறுகாய் மூடி போனது.

சார் குனிந்தார். மூடி நின்றது. சார் நிமிர்ந்தார். மூடி நடந்தது.

"தீதி, உங்க ஊறுகாய் எங்க போகுது?"

"தெரியல சார்."

தூக்கிப் பார்த்தார். உள்ளே சங்கு நண்டு. கரையில் செத்த சங்கைத் தேடி அதற்குள் குடியிருக்குமே, அது. இதற்குச் சங்கு கிடைக்கவில்லை போல. எங்கள் கரையில் இப்போது சங்கைவிட மூடிதான் அதிகம். நான் விற்ற மூடிதான்.

சார் டார்ச் எடுத்து மரச்சட்டங்களுக்கு அடியில் அடித்தார். படுத்துப் பார்த்தார். சட்டை அழுக்காயிற்று. எழுந்து படிவத்தைப் பார்த்தார். நண்டுக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பதினொன்று என்று எழுதினார்.

"சார், அது கடிக்காது" என்றார் குருசாமி அண்ணன்.

"சரி."

"அரிசி திங்காது சார்."

"சரி அண்ணா. வெளிக்கிப் போகுமா?"

அண்ணன் விளக்குமாறு தேடப் போனார்.

சார் நோட்டீஸ் எழுதினார். கெட்ட மனுஷன் இல்லை. எழுதும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. "திருத்திக்கோங்க. அடுத்த தடவை நான் வரும்போது குடோனுக்குள்ள ஒரு உயிர் இருக்கக்கூடாது. இருந்தா லைசென்ஸை நிறுத்தித்தான் ஆகணும்."

"மனுஷன்?" என்றார் மண்டல் தாதா.

"மனுஷன் இருக்கலாம்."

அவர் போட்டில் ஏறிப் போனதும் அமீது பாய் என்னைப் பார்த்தார். "மேனேஜர் அவர்களே" என்றார். அவ்வளவுதான்.

நண்டு பிடித்தோம். வாளியில் போட்டு கரை வளைகிற முனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் குடோனில் நண்டு இருந்தது. அதே நண்டா, வேற நண்டா என்று பேச்சு வந்தது. மண்டல் தாதா கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்துவந்தார். பிடித்த நண்டுக்கெல்லாம் சங்கில் ஒரு பொட்டு வைத்தோம். கொண்டுபோய் விட்டோம். ரெண்டு நாளில் பொட்டு வைத்தவை திரும்பி வந்தன. கூடப் பொட்டு வைக்காத ஆட்களையும் கூட்டிவந்தன.

"வழி சொல்லிக் குடுத்துட்டோம்" என்றார் குருசாமி அண்ணன்.

எல்லோருக்கும் பயம் வந்தது. கடையில் சாமான் வாங்க வருகிறவர்கள் "தீதி, மூடிருவாங்களா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு கிலோ வாங்குகிற இடத்தில் ரெண்டு கிலோ வாங்கினார்கள். நான் கொடுத்தேன். என்ன சொல்வது.

பயம் வந்தால் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். போட் வருகிற அன்று மட்டும் உடைத்துக்கொண்டிருந்த தேங்காயை, லைசென்ஸ் நல்லபடியாக வர வேண்டும் என்று தினம் சாயங்காலம் உடைத்தோம். பதாசாவும் தினம். சீனியும் தினம். மறுநாள் பார்த்தால் படி சுத்தமாக இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

தாஸ் சார் மறுபடி வந்தது சாமான் போட்டில். காலையில் வந்து இறங்கினார். போட் வந்த நாள் என்பதால் தேங்காய் உடைக்கிற நேரம். மண்டல் தாதாவுக்கு ஒரு யோசனை வந்தது. விருந்தாளி கையால் உடைத்தால் நல்லது.

"நான் டியூட்டில இருக்கேன் தாதா" என்றார் சார்.

"ஒரே அடிதான் சார்."

"டியூட்டில..."

"உங்க வீட்டுல பூஜைக்கு உடைக்க மாட்டீங்களா?"

சார் கொஞ்சம் யோசித்தார். உடைத்தார். தேங்காய் நடுவில் பிளந்து ரெண்டு சரி மூடியாக விழுந்தது. அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் கை தட்டினோம். சாருக்கும் சந்தோஷம். ஒரு மூடியை நிலைப்படியில் வைத்தார். ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டார். அமீது பாய் கொடுத்த சீனியை வாயில் போட்டுக்கொண்டார். உள்ளே போனார்.

டார்ச் அடித்தார். படுத்தார். எண்ணினார். வெளியே வந்து எங்களைப் பார்க்காமல் 'மற்றவை' கட்டத்தில் முப்பத்தி நாலு என்று எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனார். அப்போது அவர் ஷூ மேல் ஏறி ஒரு நண்டு போனது. நெற்றியில் நீலப் பொட்டு மாதிரி சங்கில் பொட்டு. நேராகப் படிக்குப் போய், சார் உடைத்த தேங்காயைப் பிடித்து, உள்ளே இழுக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னும் மூணு வந்தன. ஒன்று பதாசாவிடம் நின்றது.

சார் பேனாவை மூடினார்.

"இந்தத் தேங்காய் எப்பவும் உடைப்பீங்களா?"

"ஒவ்வொரு போட்டுக்கும் சார்" என்றேன்.

"இங்கயேவா?"

"இங்கதான்."

"இந்த ரெண்டு வாரமா?"

"தினமும் சார். லைசென்சுக்காக."

சார் படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தத் தேங்காய் மூடி இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மெல்ல அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் கடை பூட்டியிருப்போம். காற்று ஏறிவிட்டது. போட் ஓட்டுகிற செராங் வந்து "இன்னிக்குக் கிளம்ப முடியாது சார், அடங்கட்டும்" என்றார். தாஸ் சார் கடலைப் பார்த்தார்.

"போட் கிளம்புற வரைக்கும் என் வேலை முடியல" என்றார். "கிளம்புறப்ப உள்ள என்ன இருக்கோ, அதை எழுதுவேன். ஒண்ணு இருந்தாலும் நிறுத்துவேன். அதுக்கு மேல என்னால முடியாது."

எங்களுக்கு அது போதும்.

ஆனால் வேலை உடனே தொடங்கவில்லை. முதலில் சண்டை வந்தது. நண்டு யாரால் வந்தது என்று.

"சீனிக்கு எறும்பு வரும். நண்டு வருமா?" என்றார் அமீது பாய்.

"பதாசா பூஜை சாமான். அதை நண்டு தொடாது" என்றார் மண்டல் தாதா.

"இப்ப தொட்டுச்சே தாதா."

"மோந்து பாத்துச்சு. திங்கல."

குருசாமி அண்ணன் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. கடைக்கு அந்தப் பக்கம் மணலில் மூணு வாழை இலை போட்டோம். ஒன்றில் தேங்காய்ச் சில்லு, ஒன்றில் பதாசா, ஒன்றில் சீனி. நடுவில் ஒரு வாளி நண்டைக் கொட்டினோம். எல்லோரும் சுற்றி நின்றோம். சாமான் வாங்க வந்தவர்களும் பையோடு நின்றார்கள். கொஞ்ச நேரம் எல்லா நண்டும் சங்குக்குள் சுருங்கிக் கிடந்தன. பிறகு ஒன்று காலை நீட்டியது.

நேராகப் பதாசாவுக்குப் போனது.

மண்டல் தாதா தலையில் கை வைத்தார். இன்னும் ரெண்டு பதாசாவுக்குப் போயின. தாதா கையை எடுத்தார். இன்னும் நாலு போயின. தாதா சுற்றி எல்லோரையும் பார்த்தார். "முதல்ல என்னுதுதான்" என்றார். குரலில் வேறு ஏதோ வந்துவிட்டது.

"பெருசு எல்லாம் தேங்காய்க்குத்தான் போகுது, பாருங்க" என்றார் குருசாமி அண்ணன்.

"பெருசு மெதுவாத்தான் போகும். வயசாயிருச்சு."

அமீது பாய் சீனி இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னதுதான் சரி. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு பொடி நண்டு சீனிக்கு வந்தது. "வந்துருச்சு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

தாஸ் சார் தள்ளி நின்று பார்த்தார். "இதை நான் எதுலயும் எழுத மாட்டேன்" என்றார்.

வழக்கத்தை வாசலிலிருந்து எடுக்க வேண்டும். அதை குருசாமி அண்ணனிடம் யாராவது சொல்ல வேண்டும். மண்டல் தாதா அமீது பாயைப் பார்த்தார். அமீது பாய் என்னைப் பார்த்தார். அண்ணன் ஜெட்டியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். போனேன்.

"அண்ணே."

"தெரியும் தங்கச்சி."

பக்கத்தில் நின்றேன். அவர் கயிற்றைச் சுற்றி முடித்தார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"இத்தன வருசத்துல ஒரு மூட்டை கடல்ல விழுந்திருக்கா?"

"இல்லண்ணே."

"அது எதனால?"

"தேங்காயாலதான்."

"அப்புறம்?"

"உடைக்க வேணாம்னு சொல்லலண்ணே. எடத்தை மாத்துங்க. ஜெட்டி முனையில உடைங்க. கடல் பக்கத்துலயே."

"தண்ணியில விழுந்துரும்."

"விழட்டும்."

"மீனு தின்னுரும்."

"மீனு குடோனுக்கு வராதுண்ணே."

அண்ணன் முனையைப் பார்த்தார். "சாமி இத்தன நாளா அந்தக் கதவுல வந்து நின்னு பழகியிருக்கும்" என்றார்.

பின்னால் தாஸ் சார் வந்திருந்தார். "அண்ணா, சாமிக்கு லைசென்ஸ் தேவையில்ல. எங்க வேணா நிக்கலாம். கதவுக்குத்தான் தேவை" என்றார். அண்ணன் கயிற்றைக் கீழே வைத்தார்.

பிறகு வேலை. இதை ஜெயந்தி வகுப்பில் நிதானமாகச் சொல்லட்டும். எல்லா மூட்டையையும் வெளியே எடுத்துத் தார்ப்பாயில் வைத்தோம். மரச்சட்டங்களைத் தூக்கி நிறுத்தினோம். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் பார்த்தோம். நண்டை வாளியில் போட்டு, இந்தத் தடவை முனைக்குப் போகவில்லை, டிங்கிப் படகில் ஓடைக்கு அந்தக் கரைக்குக் கொண்டுபோனோம். தரையையும் நிலைப்படியையும் தேங்காய் வாசனை போகத் தேய்த்தோம். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். காயவிட்டோம். கதவுக்கு அடியில் நாலு விரல் அகலம் இடைவெளி இருந்தது. அதுதான் வழி. பழைய லாரி டியூபை வெட்டிக் கதவின் அடியில் ஆணி அடித்தோம். தண்ணீர் போகிற ஓட்டைக்கு வலைக் கம்பி வைத்தோம்.

மூட்டைகளைத் திரும்ப உள்ளே வைக்கிற நேரத்தில் அமீது பாய் வந்து நின்றார். குடோனுக்குள் போகிற மூட்டை எதுவும் சோதிக்காமல் போகக்கூடாது. அது அவர் கட்டளை. முதல் மூட்டையைப் பிரித்தார். சட்டையை மடித்தார். கையை விட்டார். ஒரு பிடி எடுத்தார். இழுத்தார். தும்மினார்.

இடது பக்கம்.

இரண்டாவது மூட்டை. தும்மினார். இடது பக்கம். மூணாவது. இடது பக்கம். நாலாவதைப் பிரிக்கும் முன்பே தும்மினார்.

"பாய், ப்ளீச்சிங் வாசனை பாய்" என்றேன்.

"தும்மல் தும்மல்தாம்மா."

"நேத்து இதே மூட்டை நல்லா இருந்துச்சே."

"நேத்து நான் தும்மல."

அன்று எங்கள் முழுச் சரக்கும் கெட்டுப்போனது. எல்லா மூட்டையும் இடது பக்கம். வலது பக்கம் காலி. குருசாமி அண்ணன் எல்லாவற்றையும் தூக்கினார். தாஸ் சார் வந்து பார்த்தார். "பாய், மூக்கைத் துணியால கட்டிக்கிட்டுப் பாருங்களேன்" என்றார்.

"மூக்கைக் கட்டினா எதை வெச்சு சார் பாக்குறது?"

கடைசியில் ஒவ்வொரு மூட்டையையும் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் அவரைக் காற்றுக்கு எதிராக நிற்க வைத்துக் காட்டினோம். காற்று பலமாக இருந்தது. பிடித்த அரிசி பறந்தது. அவர் தும்மவில்லை. வலது பக்கம் நிறைந்தது. குருசாமி அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

காற்று அடங்கியது. காலையில் செராங் ஹாரன் அடித்தார். ஒரு ஹாரன் என்றால் தயாராகுங்கள். ரெண்டு என்றால் ஏறுங்கள். மூணு என்றால் போய்விடும்.

தாஸ் சார் பையைத் தோளில் போட்டுக்கொண்டு குடோனுக்கு வந்தார். உள்ளே போனார். எங்களை வாசலில் நிற்கச் சொன்னார். டார்ச் வெளிச்சம் சுவரில் போய்ப் போய் வந்தது. இடது வரிசை. வலது வரிசை. பின் சுவர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. என் கைதான்.

ரெண்டாவது ஹாரன் அடித்தது.

சார் கதவுக்குத் திரும்பி வந்தார். வாயைத் திறந்தார். மூடினார். கீழே பார்த்தார்.

நிலைப்படி மேல் ஒரு சங்கு நண்டு. வெள்ளைச் சங்கு. பொட்டு இல்லை. புது ஆள். பாதி படியின் உள்பக்கம், பாதி வெளிப்பக்கம்.

குருசாமி அண்ணன் குனிந்தார்.

"கை வைக்காதீங்க" என்றார் சார். "நான் பாத்துட்டேன். இனி அது என்ன செய்யுதோ அதுதான்."

"இது உள்ளயா வெளியவா சார்?" என்றார் மண்டல் தாதா.

"படி எதுல சேர்த்தி?"

"படி படில சேர்த்தி" என்றார் அமீது பாய்.

"நான் லேசா ஊதவா?" என்றார் அண்ணன்.

"ஊதக்கூடாது அண்ணா."

நண்டு சங்குக்குள் சுருங்கிக்கொண்டது. நாங்கள் வெளியே நாலு பேர். சார் உள்ளே ஒரு ஆள். நடுவில் நண்டு. யாரும் அசையவில்லை. கடைப் பக்கம் சாமான் வாங்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி "திறக்குமா?" என்று கேட்டாள். இன்னொருத்தி அவள் கையைக் கிள்ளினாள்.

மூணாவது ஹாரன்.

"சார்" என்று செராங் ஜெட்டியிலிருந்து கூப்பிட்டார். "அடுத்த போட் எப்பன்னு எனக்கே தெரியாது."

சார் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கி, போ என்று காட்டினார். பையைத் தோளிலிருந்து இறக்கினார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நண்டைப் பார்த்தார். போட் சத்தம் தள்ளிப் போனது. பிறகு கேட்கவில்லை.

நண்டு கண்ணை நீட்டியது. காலை எடுத்தது. குடோன் பக்கம் ஒரு அடி வைத்தது. மண்டல் தாதா கண்ணை மூடிக்கொண்டார். நண்டு மீசையை ஆட்டி ஆட்டி உள்ளே மோந்து பார்த்தது. ப்ளீச்சிங். நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு திரும்ப ஆரம்பித்தது. சங்கு பெரிசு, படி குறுகல், திரும்ப இடம் பத்தவில்லை. ஒரு தடவை இடித்தது. இன்னொரு தடவை இடித்தது. திரும்பியது. படியிலிருந்து வெளியே மணலில் பொத்தென்று விழுந்தது. எங்கள் கால்களுக்கு நடுவில் புகுந்து கடல் பக்கம் போனது.

மண்டல் தாதா கண்ணைத் திறந்தார்.

சார் எழுந்தார். முழங்கால் சொடக்கென்றது. "நில்லுங்க" என்றார். மறுபடி உள்ளே போனார். முதலிலிருந்து பார்த்தார். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் படுத்து எழுந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். வலைக் கம்பியை இழுத்துப் பார்த்தார். லாரி டியூபைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து படிவத்தை என் மேஜையில் வைத்து, 'மற்றவை' கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

பூஜ்யம்.